நாலே நாலு ஆட்டம்!

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளுக்குத் தனி மவுசு. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். முட்டை வடிவப் பந்து, தோளில் கவசம், தலையில் ஹெல்மெட், பித்தளை வாத்தியங்களை முழக்கிக்கொண்டு மாணவர் பேண்டு என்று கல்லூரி ஃபுட்பாலின் கொண்டாட்டம் முழுவதும் டி.வி.யில் தெரியும். டி.வி.யில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் கொல்லைப்புற வழியாக உள்ளே நுழைகிறோம். வாருங்கள், சத்தம் போடாமல்!

அணி அலுவலகத்தில் ஒரு பட்டியல். இடப்பக்கம் வீரர்களின் பெயர்கள். வலப்பக்கம் ஆளுக்கோர் எண்: பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இந்த சீசனில் அந்தப் பையன் எத்தனை ஆட்டங்களில் களத்தில் கால் வைத்தான் என்பதுதான் அந்த எண். அறுபது முறை மோதினாலும் ஓர் ஆட்டம்தான், ஒரே ஒரு உதைக்காக ஆறு நொடி ஓடிவிட்டு வந்தாலும் ஓர் ஆட்டம்தான். நான்குவரை கவலை இல்லை. எண் ஐந்தானால் அவனுடைய கல்லூரி வாழ்க்கையில் ஒரு சீசன் செலவாகிவிட்டது. இந்தச் சின்னப் பட்டியலைச் சுற்றித்தான் கடந்த சில ஆண்டுகளாக ஒரு பெரிய விளையாட்டே தலைகீழாகப் புரண்டுகொண்டிருக்கிறது.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அடிப்படைக் கணக்கு இதுதான்: மாணவர் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள், அதற்குள் நான்கு சீசன் ஆடலாம். மிச்சமாகும் ஓராண்டில் பயிற்சிக்கு வரலாம், வகுப்புக்குப் போகலாம், அணியோடு உட்கார்ந்து சாப்பிடலாம், ஆட்டத்தில் மட்டும் இறங்கக் கூடாது. அந்த ஆண்டுக்குத்தான் ரெட்ஷர்ட் என்று பேர். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்தால்தானே அடுத்த பந்திக்கு இலை விழும்? 22 வயது அண்ணன்கள் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பும்வரை 18 வயதுத் தம்பி காத்திருப்பான். காத்திருந்த ஆண்டு அவன் கணக்கில் கழியாது.

1937-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வாரன் ஆல்ஃப்சன் என்ற மாணவர், தனக்கு முன்னால் அனுபவசாலிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு பயிற்சி மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று தாமே கேட்டுக்கொண்டார். எண் இல்லாத சிவப்புச் சட்டையில் பயிற்சிக்கு வந்தார். வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது என்று சொல்வார்கள். காத்திருப்பு வீண்போகவில்லை; 1940-ல் அவர் நாட்டின் தலைசிறந்த வீரர்கள் பட்டியலில் இடம் பிடித்தார். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து 2012-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மான்செல், ஃபுட்பாலின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். ஆட்டக் கணக்கில் முதலாண்டு வீரர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல்முறை. மறு ஆண்டே ஃபுளோரிடா ஸ்டேட் அணியின் ஜேமிஸ் வின்ஸ்டன் அதைச் செய்துகாட்டினார். இருவருமே அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க ரெட்ஷர்ட்டில் இருந்தவர்கள்!

சரி, ரெட்ஷர்ட் பையன் அந்த ஓராண்டு என்னதான் செய்கிறான்? எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. அவன் எதிரியாக வேடம் கட்டுகிறான்!

ஸ்கவுட் டீம் என்று ஒன்று உண்டு. வரும் சனிக்கிழமை மோதப்போகும் அணி எப்படி ஆடுமோ, அப்படியே திங்கள் முதல் வியாழன்வரை ஆடிக்காட்டுவதுதான் இவர்கள் வேலை. எதிரணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஓட்டக்காரரா? நம் பையன்களில் கால் வேகம் உள்ள ஒருவன் அந்த வாரம் அவராக மாறுவான். சில அணிகளில் அவருடைய சட்டை எண்ணையே இவனுக்குப் போட்டுவிடுவார்கள். உதவி கோச் ஒருவர் அட்டையில் வரைந்த படத்தைத் தூக்கிப்பிடிப்பார். பையன்கள் அதைப் பார்த்து, தாங்கள் கற்றதே இல்லாத ஓர் ஆட்டத்தை அங்கேயே ஆடுவார்கள். எதிரே நிற்பது சொந்த அணியின் முதல்நிலைத் தடுப்பு வரிசை. நாள் முழுக்க இடி, உதை, மண். வாரத்தின் சிறந்த ஸ்கவுட் வீரர் என்று அணிக்குள்ளேயே விருது கொடுப்பதும் உண்டு. சனிக்கிழமை வெற்றியில் அந்தப் பையனுக்குப் பங்கு இருக்கிறது என்பது லாக்கர் ரூமில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும்.

இன்னொரு பக்கம் உடற்பயிற்சிக் கூடமும் சாப்பாட்டு மேஜையும். பள்ளியிலிருந்து வந்து இறங்கும் பையன் உயரமாக இருப்பான், கைகால் நீளமாக இருக்கும், ஆனால் நாலாம் ஆண்டு அண்ணன் ஒருவர் தள்ளினால் தூரப் போய் விழுவான். அதிலும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்களுக்கு எடை வேண்டும், எடையோடு கால் லாகவமும் வேண்டும். சத்துணவு நிபுணர் அவன் தட்டைக் கண்காணிப்பார், எடைப் பயிற்சியாளர் அவன் முதுகைக் கவனிப்பார். இந்த ஓராண்டு சமையலில்தான் பல பெரிய முன்வரிசைகள் உருவாயின. கண்ணில் படாத உழைப்பு என்பதால் அதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய விதியில் ஒரு கொடுமை இருந்தது. காயம்பட்டு ஒதுங்கினால் சலுகை உண்டு. மற்றபடி ஒரே ஒரு முறை களத்தில் இறங்கினால் போதும், முழு சீசனும் போய்விட்டது! நவம்பர் மாதம் காயங்களால் ஆள் பற்றாக்குறை வரும். கோச் முதலாண்டுப் பையனைப் பார்ப்பார். அவன் ஆசையோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்பான். இறக்கினால் பையனின் ஓராண்டு சில நிமிடங்களுக்காகக் கரையும். இறக்காவிட்டால் காலெல்லாம் தளர்ந்த அண்ணன்கள் இன்னும் அடிபடுவார்கள். சைடுலைனில் நின்றபடி சில நொடிகளில் அதை முடிவுசெய்ய வேண்டும்.

ஜூன் 2018-ல் என்.சி.ஏ.ஏ. இதை மாற்றியது. ஒரு சீசனில் எந்த நாலு ஆட்டங்களில் வேண்டுமானாலும் ஆடலாம். ரெட்ஷர்ட் அப்படியே இருக்கும். கோச்சுகள் துள்ளிக்குதித்தார்கள். குதிக்காமல் எப்படி? வழக்கமான சீசனில் 12 ஆட்டங்கள். அதில் எந்த நாலு? செப்டம்பரில் பலவீனமான அணியை நசுக்கும்போது கடைசிக் கால் பகுதியில் பையனை இறக்கிப் பார்க்கலாமா? நவம்பருக்குச் சேமித்துவைக்கலாமா? பரம வைரி அணியோடு மோதும் வாரத்துக்கு ஒன்றை ஒதுக்கலாமா? அலுவலகத்தில் நாம் பார்த்த அந்தப் பட்டியல் பிறந்தது இப்படித்தான். ஞாயிறு அன்று ஒளிப்பதிவை ஓட்டிப் பார்த்து, யார் யார் களத்தில் நின்றார்கள் என்று சரிபார்க்க ஓர் ஆள். திங்கள் கூட்டத்தில் முதல் பேச்சே, யாருக்கு எத்தனை மிச்சம்! பையன்களின் பெற்றோருக்கும் பேரானந்தம். பிள்ளை ஓடிவந்து மைதானத்தில் இறங்குவதை முதலாண்டிலேயே பார்த்துவிடலாமே. இந்த ஒரு காரணத்துக்காகவே இது நல்ல விதி என்பேன்.

ஆனால் இந்த நாலு ஆட்டம் முதலாண்டுப் பையன்களுக்கு மட்டும் என்று விதியில் எழுதவில்லை. நாலாம் ஆண்டு அண்ணனும் தன் ரெட்ஷர்ட்டைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், நாலு ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு கல்லூரிக்குக் கிளம்பலாம். இதை முதலில் உலகத்துக்கு உரக்கச் சொன்னது கிளெம்சன்.

விதி வந்து மூன்றே மாதம். தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழக அணியில் கெல்லி பிரையன்ட் முதன்மைக் குவார்ட்டர்பேக். முந்தைய ஆண்டு அணியை தேசிய பிளேஆஃபுக்கே கொண்டுபோனவர். 2018 செப்டம்பரில் நாலு ஆட்டங்களையும் அவரே தொடங்கினார், நாலிலும் வெற்றி. ஆனால் பின்னால் டிரெவர் லாரன்ஸ் என்ற முதலாண்டு அதிசயம் நின்றுகொண்டிருந்தார். செப்டம்பர் 24 அன்று கோச் டாபோ ஸ்வினி, இனி லாரன்ஸ்தான் முதன்மை என்று அறிவித்தார். பிரையன்ட் காலண்டரைப் பார்த்தார். நாலு ஆட்டம் முடிந்திருந்தது. ஐந்தாவதில் ஒரு முறை இறங்கினாலும் கடைசி ஆண்டு போய்விடும். இரண்டு நாளில் அணியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு மிசூரி அணிக்கு ஆடினார்.

கதையின் ருசியான பகுதி அதற்கு அடுத்த சனிக்கிழமை. சிராக்யூஸ் அணியுடன் ஆட்டம். இரண்டாம் கால் பகுதியிலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார்! பிரையன்ட் இல்லை. அந்த சீசன் தொடங்கும் முன்பே இன்னும் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் வேறு கல்லூரிகளுக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர் சேஸ் பிரைஸ். யார் அவர்? முந்தைய ஆண்டு முழுக்க ரெட்ஷர்ட்டில் இருந்தவர். அணி பின்தங்கியிருக்க, சொந்த எல்லைக்கு அருகிலிருந்து 94 கெஜம் அணியை நகர்த்திக்கொண்டு போனார். நடுவில் நாலாவது முயற்சியில் ஆறு கெஜம் தேவை. தவறினால் எல்லாம் முடிந்தது. பந்தை டீ ஹிகின்ஸ் கையில் சேர்த்தார். 41 நொடி மிச்சமிருக்க டிராவிஸ் எட்டியென் எல்லையைத் தாண்டி டச் டவுன் அடித்தார். 27-23. அந்தக் கிளெம்சன் அணி அந்த சீசனில் 15 ஆட்டங்களில் 15-ம் வென்று, இறுதியில் அலபாமாவை 44-16 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது. ரெட்ஷர்ட் விதி ஒரு குவார்ட்டர்பேக்கை வெளியே அனுப்பியது. ரெட்ஷர்ட்டில் வளர்ந்த இன்னொருவர் சீசனைக் காப்பாற்றினார். இதைவிட நல்ல திரைக்கதை கிடைக்குமா?

பிரையன்ட் கிளம்பிய மறு மாதம், 2018 அக்டோபர் 15 அன்று, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. பேரைக் கேட்டால் ஏதோ மாயக் கதவு போலத் தோன்றும். உண்மையில் அது கணினியில் ஒரு பெயர்ப் பட்டியல். அதற்குமுன் கல்லூரி மாற நினைக்கும் வீரர், பிற கல்லூரிகளோடு பேசவே தன் கோச்சிடம் அனுமதி கேட்க வேண்டும். கோச் மறுக்கலாம், குறிப்பிட்ட கல்லூரிகளுக்குப் போகக் கூடாது என்று தடுக்கலாம். போர்ட்டல் வந்தபின் அனுமதி என்ற சொல்லே போய்விட்டது. வீரர் எழுதிக் கொடுத்தால் போதும். விதிமுறைகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலர் இரண்டு வேலை நாட்களுக்குள் அந்தப் பெயரைப் பட்டியலில் ஏற்றியாக வேண்டும். பெயர் ஏறிய நொடியிலிருந்து நாடெங்கும் உள்ள கோச்சுகள் கூப்பிடலாம். ஏற்கெனவே எங்கே போவது என்று முடிவுசெய்துவிட்ட வீரர்களுக்காக, யாரும் தொடர்புகொள்ள வேண்டாம் என்று குறியிடும் வசதிகூட அதில் இருக்கிறது. அந்தக் குறியைப் பார்த்தவுடன் எதிர் அணி அலுவலகங்களில் எழும் பெருமூச்சை நினைத்துப் பாருங்கள்!

அப்போதும் ஒரு தடுப்பு மிச்சம் இருந்தது. ஏற்கெனவே பட்டம் முடித்தவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். அந்த விதிகளின் இறுக்கத்துக்கு பேக்கர் மேஃபீல்டின் கதை போதும். ஸ்காலர்ஷிப் இல்லாமல் டெக்சஸ் டெக் அணியில் ஆடியவர், 2014-ல் ஓக்லஹோமாவுக்கு மாறினார். ஓராண்டு உட்கார்ந்தார். இரண்டும் ஒரே கூட்டமைப்பான பிக் 12-ல் இருந்ததால், உட்கார்ந்தது போதாதென்று ஒரு சீசனும் அவர் கணக்கிலிருந்து கழிந்தது. ஜூன் 2016-ல் கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூடி, ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்தவர்களுக்கு இந்த தண்டனை வேண்டுமா என்று வாக்கெடுத்தார்கள். பேர் பிக் 12 என்றாலும் அப்போது உறுப்பினர்கள் 10. முடிவு 5-5, தீர்மானம் தோல்வி. மறுநாள் ஓக்லஹோமா வாசகத்தைச் சற்றே திருத்திக் கொண்டுவந்தது. 7-3, வெற்றி! ஒரே இரவில் மேஃபீல்டுக்கு ஒரு சீசன் திரும்பக் கிடைத்தது. 2017 என்ற அந்த சீசனில்தான் அவர் ஹைஸ்மன் வென்றார். அதற்கு அடுத்த ஆண்டு தொழில்முறை லீகான என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். மூடிய அறையில் இரண்டு வாக்குகள் இடம் மாறியிருக்காவிட்டால் அந்த சீசனே இல்லை.

2021 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. இறங்கிவந்தது: முதல்முறை மாறுகிறவர் உட்காரத் தேவையில்லை. அதே ஆண்டு ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி பிறந்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இரண்டாம் முறை மாறுகிறவர்களை உட்காரவைக்கும் விதிக்கும் தடை போட்டார். 2024 ஏப்ரலில் விதியே எழுதப்பட்டது: படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், உடனே ஆடலாம்.

இப்போது நாலு ஆட்ட விதியையும் போர்ட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செப்டம்பர் கடைசி வாரம் ஏன் அலுவலகங்களில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை என்பது புரியும். 2019-ல் ஹூஸ்டன் அணியின் டெரிக் கிங், அதற்கு முந்தைய ஆண்டு 50 டச் டவுன்களுக்குக் காரணமான குவார்ட்டர்பேக், நாலு ஆட்டத்தில் அணி மூன்றில் தோற்றிருந்த நிலையில் ரெட்ஷர்ட் எடுப்பதாக அறிவித்தார். அடுத்த ஜனவரியில் மயாமிக்குப் போய்விட்டார். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸின் யு.என்.எல்.வி. அணி மூன்றுக்கு மூன்று வென்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது, குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, தனக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று சொல்லி விலகினார். அணித் தரப்பு அதை மறுத்தது. நாலே நாளில் ஆட்டம்! ஹஜ்-மாலிக் வில்லியம்ஸ் இறங்கினார். அவரும் வேறு கல்லூரியிலிருந்து அந்த ஆண்டுதான் வந்தவர். ஃபிரெஸ்னோ ஸ்டேட் அணியை 59-14 என்று துவைத்து எடுத்தார்கள். போர்ட்டல் வழியே வந்த ஒருவர் போனார், போர்ட்டல் வழியே வந்த இன்னொருவர் அந்த இடத்தில் நின்றார்.

ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ரெட்ஷர்ட் ஆண்டு ஒரு காலத்தில் கோச் கையில் இருந்தது. யார் உட்கார்வது, எப்போது எழுவது என்பதை அவர்தான் முடிவுசெய்தார். இன்று அது வீரர் கையில் இருக்கிறது. அந்தக் கை மாற்றம் நியாயமானது. கோச் தன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு நள்ளிரவில் விமானம் ஏறலாம், 19 வயதுப் பையன் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு எத்தனை காலம் தாங்கும்?

கை மாறியதால் அலுவலகமும் மாறிவிட்டது. முன்பு கோச், உதவி கோச்சுகள், பள்ளிகளுக்குப் போய் ஆள் பிடிக்கும் சிலர். இன்று பல அணிகளில் தொழில்முறை அணிகளைப் போல ஜெனரல் மேனேஜர் இருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் அந்த நாற்காலியில் 2024 நவம்பரில் வந்து உட்கார்ந்தவர் ஆண்ட்ரூ லக், அதே பல்கலைக்கழகத்தின் பழைய நட்சத்திரக் குவார்ட்டர்பேக். ஜெனரல் மேனேஜருக்குக் கீழே, பிற அணிகளின் ஒளிப்பதிவுகளைப் பார்த்து, யார் போர்ட்டலுக்கு வரக்கூடும், வந்தால் நமக்குப் பொருந்துவாரா என்று குறித்துவைக்கும் இளைஞர் கூட்டம். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகமே 2025-26-ல் சுமார் 2.05 கோடி டாலர்வரை தன் வீரர்களுக்குப் பகிர்ந்து தரலாம் என்றானது. கூடவே ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்ற உச்சவரம்பும் வந்தது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆசைக்காகச் சேர்ந்து, நாலு ஆண்டு ஸ்கவுட் டீமில் இடிபட்டு, கடைசி ஆண்டில் ஒருநாள் களமிறங்கும் பையன்களுக்குத்தான் அந்த வரம்பு இடம் இல்லாமல் செய்கிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

இனி டிசம்பர். அம்மம்மா, டிசம்பர்! போர்ட்டலில் பெயர் கொடுக்கக் குறித்த நாட்களில் மட்டும் ஒரு வாசல் திறக்கும். 2024-ல் அந்த வாசல் திறந்த நேரமும், 12 அணிகள் மோதும் புதிய பிளேஆஃப் தொடங்கிய நேரமும் ஒன்றாக விழுந்தன. பென் ஸ்டேட் அணி பிளேஆஃபில் முதல் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில், அதன் இரண்டாம் குவார்ட்டர்பேக் போ பிரிபுலா போர்ட்டலில் பெயர் கொடுத்தார். காத்திருந்தால் அடுத்த கல்லூரிகளில் காலியிடங்கள் நிரம்பிவிடும். போனால் அணியோடு கோப்பைக்கு ஆட முடியாது. 20 வயதைத் தாண்டிய ஒருவரிடம் இப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்வது காலண்டர் போட்டவர்களின் குற்றம்.

அதே மாதம் மார்ஷல் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் பெரியது. சன் பெல்ட் கூட்டமைப்பின் சாம்பியன் பட்டத்தை வென்ற கையோடு கோச் வேறு கல்லூரிக்குப் போனார். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட வீரர்கள் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். களத்தில் நிறுத்த ஆள் போதவில்லை என்று, இண்டிபெண்டன்ஸ் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்திலிருந்து சாம்பியன் அணி விலகியது! அதற்குப் பதிலாக லூசியானா டெக் வந்தது. எதிரே நின்றது யார் தெரியுமா? ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணி. அங்கே வழக்கமான ரெட்ஷர்ட் கிடையாது; நாலு ஆண்டில் படிப்பு, அதன்பின் ராணுவப் பணி. வெளியிலிருந்து வருகிறவர்கள் அபூர்வம், வெளியே போகிறவர்களும் குறைவு. நாலு ஆண்டு ஒன்றாகத் தூங்கி எழுந்த அந்தப் பையன்கள் 27-6 என்று வென்று, அந்த சீசனை 12 வெற்றிகளோடு முடித்தார்கள்.

கோச் போனால் வீரர்களுக்குத் தனியாக ஒரு வாசல் திறக்கும். 2024 ஜனவரியில் அலபாமாவின் நிக் சேபன் ஓய்வு பெற்றபோது அது திறந்தது. முன்வரிசை வீரர் கேடின் ப்ராக்டர் சொந்த மாநிலமான ஐயோவாவுக்குப் போனார். அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சில வாரங்களிலேயே மனம் மாறி அலபாமாவுக்கே திரும்பினார்!

இத்தனை குழப்பத்துக்கு நடுவே இந்தியானாவைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. 700-க்கும் மேற்பட்ட தோல்விகளைச் சுமந்த, கேலிக்கு ஆளான அணி. 2023 இறுதியில் கோச் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். அவருடைய பழைய வீரர்கள் பத்துப் பேருக்கும் மேல் போர்ட்டல் வழியே கூடவே வந்தார்கள். 2025 சீசனுக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார். 2022-ல் அங்கே ரெட்ஷர்ட்டில் இருந்த அதே மெண்டோசா! டிசம்பரில் ஹைஸ்மன். 2026 ஜனவரி 19 அன்று, தான் வளர்ந்த மயாமி மண்ணில், மயாமி அணியை 27-21 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன். 16 ஆட்டம், 16 வெற்றி. எதிரணிக் குவார்ட்டர்பேக் கார்சன் பெக்கும் ஜார்ஜியாவிலிருந்து மாறி வந்தவர்தான். அது அவருக்கு ஆறாவது கல்லூரி சீசன். பழைய விதிகள் இருந்திருந்தால் இந்த இறுதி ஆட்டம் இப்படி நடந்தே இருக்காது.

ஆறா என்று வியக்காதீர்கள். கொரோனா ஆண்டான 2020 யார் கணக்கிலும் கழியவில்லை. காயங்களுக்கும் சலுகை உண்டு. ஒரிகானில் 2016-ல் சேர்ந்த கேம் மெக்கார்மிக், அடுக்கடுக்கான காயங்களுக்குப் பிறகு, 2024-ல் மயாமிக்காக ஒன்பதாம் ஆண்டு ஆடினார். வாண்டர்பில்ட் அணியின் டியேகோ பாவியா இன்னொரு கதவைத் திறந்தார். இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் ஆடியதை என்.சி.ஏ.ஏ. கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் போனார். 2024 டிசம்பரில் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவர் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று தோற்கடித்திருந்தார். மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாகத் தூக்கிப்போய் கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். கிடைத்த கூடுதல் ஆண்டில் அணிக்குப் பத்து வெற்றிகள் தேடித் தந்து, ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார்.

எல்லாருக்கும் மெண்டோசாவின் ஜாதகம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போர்ட்டலில் பெயர் கொடுத்து, எந்தக் கல்லூரியும் அழைக்காமல் நிற்கும் பையன்கள் உண்டு. பழைய இடமும் அதற்குள் நிரம்பியிருக்கும். படிப்பு இன்னொரு சிக்கல். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம், நாலாம் ஆண்டு தொடங்கும்போது 60 சதவீதம் முடித்திருந்தால்தான் ஆடத் தகுதி. கல்லூரி மாறும்போது பழைய பாடங்களை எல்லாம் புதிய கல்லூரி ஏற்பதில்லை. இரண்டு முறை மாறிய பையனின் பட்டம் எங்கே நிற்கிறது என்று கவனிக்க ஒரு ஜெனரல் மேனேஜருக்கு இணையான அக்கறையோடு யாராவது இருக்க வேண்டும். என்.எஃப்.எல். வரை போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்களுக்கு அந்தக் காகிதம்தான் வாழ்க்கை.

விதிகள் இன்னும் அசைந்துகொண்டேதான் இருக்கின்றன. ஏப்ரல் மாதப் போர்ட்டல் வாசலை மூடிவிட்டார்கள். 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே வாசல். அதிலும் பிளேஆஃப் அரையிறுதி ஆட்டங்கள் ஜனவரி 8, 9 தேதிகளில் நடுவே வந்து விழுந்தன. ரெட்ஷர்ட்டையே எடுத்துவிட்டு ஐந்து ஆண்டில் ஐந்து சீசனும் ஆடலாம் என்று ஆக்கிவிடுவோம் என்ற யோசனையும் பேசப்படுகிறது. அப்படி ஆனால் நாம் பார்த்த அந்தப் பட்டியலுக்கு வேலையே இருக்காது. வீரர்களுக்கு அது நல்லதுதான். நான் அதை ஆதரிக்கிறேன். ஸ்கவுட் டீம் பையன்களுக்கும் சனிக்கிழமை ஓரிரு நிமிடம் கிடைக்கட்டும்.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வீட்டிலோ, செல்போனிலோ, எங்காவது ஒரு கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் பார்க்க நேர்ந்தால், சீசனின் ஐந்தாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பந்து போகும் பக்கம் பார்த்தது போதும் என்று தோன்றும்போது, கேமரா சைடுலைன் பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். முந்தைய வாரம் ஆடிய யார் இன்று சீருடை போடவில்லை, யார் முதல்முறையாக ஹெல்மெட் மாட்டுகிறார் என்று தேடுங்கள். அந்த அணியின் அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்பது ஸ்கோரைவிட அங்கேதான் நன்றாகத் தெரியும்.